நாச்சிமுத்து சாப்பிட்ட கல்யாணங்கள்

படங்களைச் சேமித்து வைக்கும் கணினிக் கிடங்குகள் சூடாகாமல் இருப்பதற்காக ஆற்றையே உறிஞ்சுகின்றன என்று பவானிக் கரை விவசாயிகள் வழக்குப் போட்டு ஜெயித்த வருடம் அது. தீர்ப்பு வந்த மூன்றாவது மாதம் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. ஒரு நிகழ்வுக்கு ஒரு படம். ஒன்றுபோல் இருக்கிற மற்ற எல்லாவற்றையும் கிடங்குக்காரர்களே கண்டுபிடித்துக் கழித்துவிட வேண்டும்.

ஈரோட்டில் இருந்த ஆலம் படக்காப்பகம் நான்கு மாவட்டத்து மக்களின் படங்களை வைத்திருந்தது. குடும்பத்துக்கு எண்பதாயிரம் படங்களுக்குக் குறையாது. குழந்தை ஒரே இட்லியைத் தின்னும் படம் நாற்பது, கட்டைவிரல் மறைத்த படம் இருநூறு, சித்தப்பா அனுப்பி, அத்தை அனுப்பி, மறுபடி சித்தப்பாவே அனுப்பிய காலை வணக்கங்கள் எண்ணிக்கையில்லாமல். இவற்றைச் சலிக்க அவர்கள் எழுதிய நிரலுக்குச் 'சல்லடை' என்று பெயர். எழுதியவர்களில் ஒருத்தி வளர்மதி. முப்பத்தாறு வயது, கோபிக்காரி. அந்தக் கூட்டத்தில் கோபப்படாமல் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் புகார்ப் பிரிவையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள்.

முதல் இரண்டு மாதம் அவளுக்குப் பெரிய வேலையில்லை. ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிய கையோடு பெருந்துறையிலிருந்து ஒருவர் நேரில் வந்தார். தன் கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் தாலி கட்டுகிற இடத்தில் வேறு ஒருத்தன் தாலி கட்டிக்கொண்டிருக்கிறான் என்றார். வளர்மதி திறந்து பார்த்தாள். உண்மைதான். அதே மண்டபம், மேடையில் அதே பிளாஸ்டிக் அன்னப்பறவைகள், ஓரத்தில் அதே நாதஸ்வரக்காரர். ஜோடி மட்டும் வேறு. மனைவி என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, அந்தப் பையன் நிமிர்ந்து நிற்கிறான், அப்படியே இருக்கட்டும் என்கிறாள் என்று அவர் வருத்தத்தோடு சொன்னார்.

மறுநாள் பதினேழு பேர் வந்தார்கள். அந்த வாரக் கடைசிக்குள் அறுநூறு பேர். வாய்க்கால் தகராறில் முப்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அந்தியூர்க் குடும்பங்கள் இரண்டை ஒரே ஆல்பத்தில் போட்டு, மேலே 'நம் குடும்பம்' என்று சல்லடை தலைப்புக் கொடுத்திருந்தது. சம்பந்தமே இல்லாத ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் ஒன்றாகிக் கிடந்தன. அவர்களுடைய கல்யாணப் படங்களில் பெரும்பகுதி குப்பைக் கூடையில் இருந்தது. முப்பது நாளில் கூடை தானாகக் காலியாகிவிடும்.

எந்தப் புள்ளியில் இத்தனை குடும்பங்களும் ஒட்டிக்கொண்டன என்று வளர்மதி தேடினாள். பந்தியிலும் குடும்பப் படங்களிலும் இருக்கும் முகங்களைத்தான் சல்லடை எண்ணும், நாதஸ்வரக்காரர் கணக்கில் வரமாட்டார். ஒட்டியது ஒரு முகம். வெள்ளைச் சட்டை, தடித்த கண்ணாடி, ஒல்லியான மனிதர். பந்தியில் கடைசி வரிசையில் இலையைப் பார்த்துத் திருப்தியாகச் சிரித்துக்கொண்டிருப்பார். சில படங்களில் ரச வாளி தூக்கிக்கொண்டு நடப்பார். குடும்பப் படங்களில் வலது ஓரத்தில் பாதித் தோளாக நிற்பார். முதல் படத்தில் தலை கறுப்பு, கடைசிப் படத்தில் பஞ்சு மாதிரி வெளுப்பு. நடுவே பத்தொன்பது வருடம். இவர் யார் என்று இருபது வீடுகளில் விசாரித்தாள். எல்லா வீட்டிலும், சம்பந்தி வகையில் யாரோ, நல்ல மனுஷன் என்றார்கள்.

அவருக்குப் படக்காப்பகத்தில் கணக்கு இல்லை, முகவரியும் இல்லை. எனவே அடுத்த முகூர்த்த நாளில் வளர்மதி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போனாள். பெருந்துறை ரோட்டில் மூன்றாவது மண்டபத்தில், கடைசிப் பந்தியில், அவர் இருந்தார். பக்கத்து இலை காலியாக இருந்தது. அவள் உட்கார்ந்தாள்.

"ஒப்புட்டுக்கு நெய் கேட்டு வாங்குங்க அம்மணி" என்றார் அவர். "கேட்டாத்தான் ஊத்துவாங்க."

அவள் போளிக்கு நெய் கேட்டு வாங்கினாள். பாயசம் முடியும்வரை தான் யாரென்று சொல்லவில்லை. அவர் கைகழுவிவிட்டு வந்ததும் சொன்னாள். அவர் ஓடவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பெயர் நாச்சிமுத்து என்றும், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் என்றும், சித்தோட்டில் வீடு என்றும் கேட்காமலே சொன்னார். பிறகு, போலீசுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று விசாரித்தார்.

"உங்க மேல தப்பு இல்லீங்கய்யா. எங்க நிரல் மேலதான் தப்பு" என்றாள் வளர்மதி. "ஒரே படம் ரெண்டு இருந்தா அது ஒண்ணைக் கழிக்கும். ரெண்டு ஆல்பத்துல ஒரே ஆள் இருந்தா, ரெண்டும் ஒரே குடும்பம்னு சேர்த்து வெச்சிரும். உங்களை வெச்சு எல்லாத்தையும் சேர்த்திருச்சு."

"சேர்ந்தா நல்லதுதானுங்களே."

"சேர்த்துட்டு மறுபடி சலிக்குதே. ஒரே வீட்டுல ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு தாலி கட்டற படம் இருந்தா அது என்ன நினைக்கும்? எல்லாம் ஒரே கல்யாணம், ஒண்ணு போதும்னு நினைக்கும். நல்லாச் சிரிச்ச ஜோடியை வெச்சுக்கிட்டு மத்தவங்களைக் கூடையில போட்டிருச்சு."

நாச்சிமுத்து துண்டை மடித்துக்கொண்டே கேட்டார். "எத்தனைன்னு சொன்னீங்க?"

"ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு."

"நானு ஆயிரத்து இருநூறு இருக்கும்னு நெனச்சனுங்க" என்றார்.

அவர் மனைவி தங்கமணி இறந்து ஏழெட்டு மாதத்தில் இது தொடங்கியது. கூட வேலை பார்த்தவர் மகள் கல்யாணத்துக்குப் போனவர், மாடிக்குப் போவதற்குப் பதில் கீழ்த்தளத்துப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். பாதிச் சாப்பாட்டில், சுவரில் மாட்டியிருந்த பெயர்களைப் பார்த்து விஷயம் புரிந்து எழுந்தார். பரிமாறிக்கொண்டிருந்தவர் அவர் தோளை அமுக்கி, ரசம் வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று உட்காரவைத்துவிட்டார். பிறகு, போதுமா, போதுமா என்று மூன்று தரம் கேட்டார். அந்த வார்த்தையைக் கேட்டு ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது என்று நாச்சிமுத்து சொன்னார். குழந்தை கிடையாது. வீட்டில் சோறு வைக்கத் தெரியும், அதை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து பார்க்க ஆளில்லை.

அவருக்கென்று சில ஒழுங்குகள் இருந்தன. கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். இலை குறைகிற மாதிரித் தெரிந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறிவிட்டுச் சாப்பிடாமல் போய்விடுவார். தாம்பூலப் பை வாங்கவே மாட்டார். வயதானவர்களைக் கைபிடித்துப் படியேற்றுவார். ஒருநாளும் பொய் சொன்னதில்லை என்றார், யாரும் கேட்காததால்.

வளர்மதி வந்த காரியத்தைச் சொன்னாள். முகம் அவரவர் சொத்து என்பது சட்டம். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அவர் முகத்தை அந்தப் படங்களிலிருந்து நீக்க முடியும். நீக்கிவிட்டால் ஒட்டு விட்டுப்போய் ஆல்பங்கள் பிரிந்துவிடும், படங்கள் திரும்பிவிடும். கூடை காலியாக இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. அவர் உடனே பேனா கேட்டார். காகிதத்தில் கை வைத்தவர் நிறுத்தினார்.

"என்னை எடுத்துட்டா அந்த எடத்துல என்னங்க இருக்கும்?"

"காலி இலை இருக்குமுங்க."

"அது வேண்டாமுங்க அம்மணி. பந்தியில காலி இலை கெடந்தா வீட்டுக்காரங்களுக்குச் சங்கடமா இருக்கும். வேற யாரையாச்சும் உக்கார வெச்சிருங்க."

முயற்சி செய்வதாக அவள் சொன்ன பிறகுதான் முகவரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவரிடம் அவருடைய படம் என்று அடையாள அட்டையில் இருப்பது ஒன்றுதான் என்று பேச்சோடு பேச்சாக வெளிவந்தது. அதில் தனக்கே தன்னை அடையாளம் தெரியாது என்றார்.

ஆல்பத்தின் சொந்தக்காரர் சம்மதமும் வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் வளர்மதி எழுதினாள். இவர் உங்கள் உறவினர் அல்ல, அழைக்கப்படாமல் வந்தவர், நீக்கலாமா? திட்டுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தாள். சிலர் திட்டவும் செய்தார்கள். ஒருவர், தான் அழைத்த பெரிய மனிதர்களெல்லாம் வராமல் இந்த ஆள் மட்டும் வந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது என்று எழுதியிருந்தார்.

ஆனால் பாதிக்கு மேல் மறுத்துவிட்டார்கள். மண்டபத்தில் என் அப்பா மயங்கி விழுந்தபோது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் இவர்தான், இவரை நீக்கினால் என் படங்களை வேறு காப்பகத்துக்கு மாற்றிவிடுவேன் என்று கோபியிலிருந்து ஒருவர் எழுதினார். எங்கள் கல்யாண வீடியோ முழுக்கப் பார்த்துவிட்டோம், சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொன்னவர் இவர் ஒருவர்தான் என்று ஒரு பெண் எழுதினாள். காங்கேயத்திலிருந்து ஒரு அம்மாள், அவர் தன் பெரிய மாமன் மகன்தான், இல்லை என்று சொல்கிறவர் நேரில் வந்து சொல்லட்டும் என்று பேசி அனுப்பியிருந்தார்.

மறுத்தவர்கள் இருக்கும்வரை ஒட்டு விடாது. மேலாளர் ஜெயசீலன் அவளைக் கூப்பிட்டார். சல்லடையில் ஒரு முகத்துக்கு இரண்டே கட்டம்தான். உறவினர் என்றால் ஆல்பங்கள் சேர்ந்தே இருக்கும். அந்நியர் என்றால் முகம் நீங்கும். சம்மதிக்காதவர்களை மீறி அந்நியர் என்று போட்டுவிடலாம், நெருக்கடி என்று காரணம் எழுதலாம் என்பது அவர் யோசனை. ஆறு நாள்தான் மீதி.

வளர்மதி மூன்றாவதாக ஒரு கட்டம் போடலாம் என்றாள். விருந்தாளி. உறவு இல்லை, வெளியாளும் இல்லை. முகம் இருக்கும், ஒட்டாது.

சட்டத்தில் அப்படி ஒன்று இல்லையே என்றார் ஜெயசீலன்.

"ரெண்டு கட்டம்னும் சட்டத்துல இல்லீங்க சார். அதை நாமதான் எழுதினோம். எழுதறப்போ எனக்கே தோணலை."

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். நான்கு நாள் மீதியிருக்கும்போது கட்டம் தயாரானது. மறுத்த வீடுகள் ஒவ்வொன்றாக 'விருந்தாளி'யைத் தொடத் தொட, பின்னல் பிரிகிற மாதிரி ஆல்பங்கள் பிரிந்தன. அந்தியூர்க் குடும்பங்கள் இரண்டும் நிம்மதியாகப் பகையைத் தொடர்ந்தன. பெருந்துறைக்காரர் தன் மனைவிக்கு மறுபடி தானே தாலி கட்டினார். திட்டியவர்களில்கூடப் பலர் மனசு மாறி மூன்றாவது கட்டத்துக்கு வந்துவிட்டார்கள். கூடை காலியாகிற நாளில் அதில் கட்டைவிரல்களும் காலை வணக்கங்களும் மட்டும் கிடந்தன.

நாச்சிமுத்துவிடம் போனில் சொன்னாள். அழைக்காமல் வந்தவன் என்று அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். எழுதித்தான் அனுப்பினோம் என்றாள். சரிங்க என்று சொல்லி வைத்துவிட்டார்.

கதை இதோடு முடிந்திருந்தால் வளர்மதிக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கிடைத்திருக்கும். ஒரு விஷயத்தை அவள் யோசிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை அனுப்பும் நிரல்கள் பெயர்களை எடுப்பது படக்காப்பகத்திலிருந்துதான். உறவினர்களையும் எடுக்கும், விருந்தாளிகளையும் எடுக்கும். இதுவரை விருந்தாளி என்று ஒரு கட்டமே இல்லை. இப்போது இருந்தது. அதில் ஒரே ஒரு ஆள் இருந்தார்.

தை பிறந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நாச்சிமுத்து அலுவலகத்துக்கு வந்தார். இளைத்திருந்தார். மஞ்சள் பை நிறையப் பத்திரிகைகள். ஒரே முகூர்த்தத்தில் பதினொரு கல்யாணம். வாசலிலேயே சந்தனம் பூசி முதல் பந்தியில் முதல் இலையில் உட்காரவைக்கிறார்கள். முதல் பந்தியில் ரசம் தெளிந்திருக்காது, சூடாகத்தான் இருக்கும், ருசி இருக்காது. வீட்டுக்காரர் எதிரில் நின்றுகொண்டே இருக்கிறார், வீடியோக்காரர் முகத்தில் விளக்கு அடிக்கிறார். வாளியைத் தொட்டால், நீங்க உக்காருங்க என்று பிடுங்கிக்கொள்கிறார்கள். போகாத வீட்டில் கோபித்துக்கொள்கிறார்கள். பவானியில் ஒரு குடும்பம் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டது. சத்தியமங்கலத்தில் ஒரு பாகப்பிரிவினைக்குப் பெரிய மனுஷனாக வரச் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் அவரை நம்புகிறார்களாம்.

"சாப்பிட்டு எத்தனை நாளாச்சு தெரியுங்களா?" என்றார். "எலை முன்னாடி உக்காந்திருக்கறன், சாப்பிடலீங்க. இந்த நாலு மாவட்டத்துல என்னை யாருக்குமே தெரியாத மண்டபம் ஒண்ணு பாத்துச் சொல்லுங்க அம்மணி. ஒரே நாளு. ஓரமா உக்காந்து தின்னுட்டு வந்தர்றன்."

வெள்ளிக்கிழமைக்குள் பார்த்துச் சொல்வதாக வளர்மதி வாக்குக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை ஒரு பெண்மணி வந்தார். பெயர் கமலவேணி. கிளை நூலகத்தில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தொரு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்றாவது கட்டம் வந்த பிறகு சல்லடை பாதி தெரிகிற முகங்களையும் எண்ணத் தொடங்கியிருந்தது. குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த கமலவேணியை அறுநூற்று முப்பத்தெட்டு வீடுகளில் கண்டுபிடித்து விருந்தாளியாக்கிவிட்டது. கேமரா பக்கம் வந்தால் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வது அவர் பழக்கம்.

"சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் போனா, நீ ஏன் பண்ணிக்கலைன்னு கேப்பாங்க" என்றார் கமலவேணி. "தெரியாத வீட்டுல யாரும் கேக்கறதில்லை. பலகாரத்தை நிம்மதியா ரெண்டாவது தரம் கேட்டு வாங்கலாம். இப்ப எல்லா வீட்டுக்கும் தெரிஞ்சவளாயிட்டேன். போன வாரம் ஒருத்தர் என் ஜாதகம் கேட்டார் கண்ணு."

அவர் கேட்டதும் அதேதான். ஒரு மண்டபம், ஒரு நாள்.

அவர் போன பிறகு வளர்மதி இரண்டு முகங்களையும் ஒன்றாகத் தேடச் சொன்னாள். இருநூற்றுப் பன்னிரண்டு கல்யாணங்களில் இருவரும் இருந்தார்கள். பல படங்களில் ஒரே பந்தி, எதிர் எதிர் வரிசை. அவர் இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், இவர் இலையைப் பார்த்துக் குனிந்திருந்தார். ஒரு படத்தில் அவர் இவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்போதும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

ஒருவர் முகத்தைப் பற்றி அவர் சம்மதமில்லாமல் இன்னொருவரிடம் சொல்வது குற்றம். வேலை போய்விடும். ஆனால் ஒரு மண்டபத்தின் பெயர் யாருடைய முகமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை புளியம்பட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மண்டபம் பதிவாகியிருந்தது. வேலை மாற்றலாகி வந்த குடும்பம், உறவெல்லாம் தர்மபுரிப் பக்கம். இங்கே யாரையும் தெரியாது. அந்தப் பெயரை அவருக்கும் சொன்னாள், இவருக்கும் சொன்னாள். நாச்சிமுத்துவுக்குக் கடைசிப் பந்தியே பழக்கம். கமலவேணியிடம் மட்டும், கடைசிப் பந்திக்குப் போனால் கூட்டம் இருக்காது என்று கூடுதலாகச் சொன்னாள்.

சனிக்கிழமை முழுக்க அவளுக்கு உறுத்தியது. படங்களைச் சேர்த்துவைத்துச் சல்லடை பண்ணிய கூத்தையே தானும் பண்ணிவிட்டோமோ என்று தோன்றியது. போகவேண்டாம் என்று சொல்ல இரண்டு தரம் போனை எடுத்து, இரண்டு தரமும் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை நாச்சிமுத்துவே கூப்பிட்டார். நடந்ததைச் சாவகாசமாகச் சொன்னார். முன்வாசலில் யாராவது சந்தனத்தோடு நிற்பார்களோ என்று பயந்து சமையல்கட்டு வழியாக உள்ளே போயிருக்கிறார். யாரும் கண்டுகொள்ளவில்லை. கடைசிப் பந்தி, ஓர இலை. கத்தரிக்காய்க் கூட்டு நன்றாக இருந்தது. ரசம் தெளிந்திருந்தது. பக்கத்து இலையில் ஒரு அம்மா குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து இவரை ஒரு தரம் பார்த்தார். கொஞ்சம் கழித்து மறுபடி பார்த்தார். வீட்டுக்கார அம்மாவாக இருக்கும், நீங்க யாருன்னு கேட்கப்போகிறார் என்று நாச்சிமுத்து நினைத்துவிட்டார். பத்தொன்பது வருடத்தில் சொல்லாத பொய்யை, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"நானு மாப்பிள்ளை வீடுங்க."

அந்த அம்மா எதிர்ச் சுவரைக் காட்டினார். அங்கே மாட்டியிருந்த பேனரில் ஒரு வயதுக் குழந்தை ஒன்று மொட்டைத்தலையும் சந்தனமுமாக வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தது.

"இது காதுகுத்துங்க" என்றார்.

நாச்சிமுத்து இலையை மூடிவிட்டு எழப் பார்த்தார். வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட வேண்டாம் என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார். அந்த அம்மா அவரை உட்காரச் சொன்னார். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு அவர் இலையில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றச் சொன்னார். பரிமாறியவர் போன பிறகு, அந்த அம்மா குனிந்த தலை நிமிராமல் சொன்னார்.

"நல்ல வேளை, நீங்க முந்திக்கிட்டீங்க. நான் பொண்ணு வீடுன்னு சொல்லலாம்னு இருந்தேன்."